டேசியர்களும் ரோமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் சொல் விஷயத்தில் ஒரு குறிப்பு. இந்தப் பக்கத்தில் ‘ரோமர்’ என்றால் பழைய ரோமப் பேரரசின் ஆட்கள். ‘ருமேனியர்’ என்றால் இன்றைய ருமேனியா நாட்டவர். ‘ரோமானியர்’ என்று எழுதினால் இரண்டும் குழம்பிவிடும், அதனால் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை.

டேசியர்கள் யார்? எங்கே இருந்தார்கள்?

டான்யூப் ஆற்றுக்கு வடக்கே, கார்பேத்திய மலைகளைச் சுற்றி வாழ்ந்த மக்கள். இன்றைய ருமேனியாவின் பெரும்பகுதி அவர்களுடைய இடம். மலையில் கோட்டை, அடிவாரத்தில் வயல், மேலே ஆட்டு மந்தை, ஓடையில் தங்க மணல் என்று வாழ்ந்தவர்கள். திரேசிய இனத்தின் வடக்குக் கிளை என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அவர்களுக்குள் இரண்டு அடுக்கு இருந்தது. உயர்குடியினர் தலையில் கம்பளித் தொப்பி வைத்திருப்பார்கள். மற்றவர்கள் வெறுந்தலையோடு நீண்ட முடி வளர்த்தவர்கள். ரோமச் சிற்பங்களில் எவன் பிரபு, எவன் சாதாரணக் குடிமகன் என்று தொப்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

‘கெட்டே’ என்றும் படிக்கிறோமே, அது வேறு ஆட்களா?

கிரேக்கர்கள் கெட்டே என்றார்கள், ரோமர்கள் டேசியர் என்றார்கள். ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், கருங்கடல் பக்கம் இருப்பவர்கள் கெட்டே, ஆற்றின் மேல்பகுதியில் ஜெர்மானியர் பக்கம் இருப்பவர்கள் டேசியர், இருவர் பேசுவதும் ஒரே மொழி என்கிறார். அது போதும் நமக்கு.

குலங்கள் எத்தனை என்று கேட்டால், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற புவியியலாளர் டேசியாவுக்குள் 15 கூட்டங்களின் பெயரைப் பட்டியலிடுகிறார். அதில் சில கெல்டிக் கூட்டங்கள். பல பெயர்கள் ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை: ‘தவா’ என்றால் கோட்டையூர், புரிதவா ஊர்க்காரர்கள் புரிதவென்சியர். பட்டியலில் வரும் பலரைப் பற்றிப் பெயரைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. கொஸ்டோபோசியர், பட்டியலில் வராத கார்ப்பியர் இருவரும்தான் பிற்பாடு ரோமுக்குத் தலைவலி கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள்.

இவ்வளவையும் யார் எழுதி வைத்தது?

எல்லாம் வெளியாட்கள், பெரும்பாலும் எதிரிகள். டேசியர்கள் தங்களைப் பற்றி எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களையும் இதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

எதிரி எழுதியதாவது முழுசாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. டேசியாவை வென்ற டிராஜன் பேரரசர் அந்தப் போரைப் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். அதில் மிஞ்சியது ஒரே ஒரு வரி: “அங்கிருந்து பெர்சோபிஸ், பிறகு ஐசி போய்ச் சேர்ந்தோம்.” அதுவும் போர் வரலாற்றுக்காகக் காப்பாற்றப்பட்டதல்ல, பிற்கால இலக்கண ஆசிரியர் ஒருவர் இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொடுத்ததால் தப்பியது. கூடவே போன பேரரசரின் மருத்துவர் கிரிட்டோன் எழுதியதும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. போருக்கு நூறு ஆண்டு கழித்து எழுதிய ரோம வரலாற்று ஆசிரியர் காசியஸ் டியோவின் நூல்தான் முக்கிய ஆதாரம். அந்தப் பகுதியும் பின்னால் வந்தவர்கள் செய்த சுருக்கமாகத்தான் நம்மிடம் இருக்கிறது. அப்புறம் இந்தப் போரைச் செதுக்கி ரோமில் டிராஜன் நிறுத்திய தூண், நாணயம், கல்வெட்டு, தோண்டி எடுத்த பொருள்கள்.

சாவுக்கே அஞ்சாதவர்கள் என்பது உண்மையா?

கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோடஸ் கிளப்பிவிட்ட பெயர் அது. கெட்டேக்கள் தங்களுக்குச் சாவில்லை, இறந்தால் ஜால்மோக்ஸிஸ் என்ற தெய்வத்திடம் போய்ச் சேர்வோம் என்று நம்பியதாகச் சொல்கிறார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்தத் தெய்வத்துக்குத் தூது அனுப்புவார்களாம். சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுத்து, கேட்க வேண்டியதையெல்லாம் அவனிடம் சொல்லி, கையையும் காலையும் பிடித்து மேலே வீசி, நிமிர்த்திப் பிடித்த மூன்று ஈட்டிகளின்மேல் விழ வைப்பார்கள். செத்தால் தெய்வம் மனம் இரங்கியது. சாகாவிட்டால் அவன் கெட்டவன் என்று திட்டிவிட்டு அடுத்த ஆளைத் தேடுவார்கள்.

ஜால்மோக்ஸிஸ் உண்மையில் பித்தாகரஸிடம் அடிமையாக இருந்தவன், ஊருக்குத் திரும்பி நிலவறையில் மூன்று ஆண்டு ஒளிந்திருந்து, நான்காம் ஆண்டு வெளியே வந்து ‘உயிர்த்தெழுந்தான்’ என்று அக்கம்பக்கத்துக் கிரேக்கர்கள் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஹெரோடோடஸே அதை அவ்வளவாக நம்பவில்லை. ஜால்மோக்ஸிஸ் பித்தாகரஸுக்குப் பல காலம் முந்தியவனாக இருக்க வேண்டும் என்கிறார். கிரேக்கர்கள் எந்த ஊர்ச் சாமியைப் பார்த்தாலும் அது தங்கள் வாத்தியாரிடம் படித்ததாகத்தான் சொல்வார்கள்.

ஒரே அரசாக எப்போது சேர்ந்தார்கள்?

கி.மு. 1ஆம் நூற்றாண்டில், புரேபிஸ்டா என்ற மன்னனின் கீழ். மேற்கே போயர் என்ற கெல்டிக் கூட்டத்தை நொறுக்கினான். கிழக்கே கருங்கடல் கரையில் இருந்த கிரேக்க ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான். டெசினியஸ் என்ற பூசாரி அவனுக்கு வலது கை. இவர்கள் பேச்சைக் கேட்டு மக்கள் திராட்சைக் கொடிகளை வெட்டிப்போட்டு, குடியை விட்டுவிட்டதாக ஸ்ட்ராபோ எழுதுகிறார். அது மெய்யா, ‘மன்னன் சொன்னால் எதையும் செய்வார்கள்’ என்பதற்கு ஜோடித்த உதாரணமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த மண்ணில் திராட்சை அதற்குப் பிறகும் காய்த்துக்கொண்டுதான் இருந்தது.

ரோமின் உள்நாட்டுப் போரில் புரேபிஸ்டா, ஜூலியஸ் சீசரை எதிர்த்த பாம்பே என்ற ரோமத் தளபதியின் பக்கம் சாய்ந்தான். இதற்குக் கல்வெட்டே இருக்கிறது: இன்றைய பல்கேரியாவில் உள்ள பால்சிக் ஊர்க்காரர் அகோர்னியோன் என்பவர் புரேபிஸ்டாவின் தூதராகப் பாம்பேயைப் போய்ப் பார்த்ததை அது சொல்கிறது. பாம்பே தோற்றார், ஜூலியஸ் சீசர் ஜெயித்தார். சீசர் அடுத்து கிளம்ப இருந்த படையெடுப்பின் முதல் இலக்கு டேசியா, பிறகு கிழக்கே ஈரான் பக்கத்தில் இருந்த பார்த்தியப் பேரரசு. கிளம்புவதற்குள் கி.மு. 44 மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் புரேபிஸ்டாவையும் அவனுடைய ஆட்களே கவிழ்த்தார்கள். அவன் அரசு நான்கைந்து துண்டாகச் சிதறியது.

அதற்குப் பிறகு டிராஜன் வரைக்கும் 150 ஆண்டு என்ன நடந்தது?

இந்த இடைவெளியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் சுவாரசியம். ஏனென்றால் ரோமும் டேசியர்களும் இந்தக் காலம் பூராவும் சண்டைபோட்டபடியே ஒருவரிடம் ஒருவர் கொடுக்கல் வாங்கலும் வைத்திருந்தார்கள்.

குளிர்காலத்தில் டான்யூப் உறைந்துவிடும். உறைந்தால் அது ஆறு இல்லை, சாலை. டேசியக் குதிரைகள் அதன்மேல் ஓடிவந்து தெற்குக் கரை ஊர்களைக் கொள்ளையடித்துத் திரும்பும். ரோமப் படை பதிலுக்குப் போய் நாலு ஊரைக் கொளுத்தும். கோடையில் அதே ஆற்றில் எண்ணெயும் ஒயினும் வெண்கலப் பாத்திரமும் வடக்கே போகும். டேசியர்கள் ரோம வெள்ளிக் காசை வாங்கிப் புழங்கியதோடு நிற்காமல், அச்சு அசலாக அதே மாதிரி தாங்களே அடிக்கவும் செய்தார்கள். ஒரு டேசியக் கோட்டையில் அந்தக் காசுக்கான அச்சுகளே கிடைத்திருக்கின்றன.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸின் காலத்தில் கோட்டிசோ என்ற டேசியத் தலைவனுக்குத் தன் மகளையே கட்டிக்கொடுக்க அகஸ்டஸ் பேசியதாக மார்க் ஆண்டனி வம்பு பேசினார். அரசியல் எதிரி சொன்னதுதான். ஆனாலும், கேட்பவர்கள் ‘இருக்குமோ’ என்று நினைக்கும் அளவுக்கு டேசியத் தலைவர்கள் ரோம அரசியலுக்குப் பழக்கப்பட்டிருந்தார்கள்.

கவிஞர் ஓவிட்டையும் சொல்ல வேண்டும். கி.பி. 8இல் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையில் உள்ள டோமிஸுக்கு, அதாவது இன்றைய கான்ஸ்டான்ஸாவுக்கு, நாடுகடத்தினார். குளிர், கெட்டேக்களின் அம்பு, பேச ஆள் இல்லாமை என்று ஊர் முழுக்கப் புலம்பி எழுதினார். அப்படியே ஒரு கடிதக் கவிதையில், கெட்டே மொழியிலேயே ஒரு கவிதை எழுதிவிட்டேன் என்றும் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார். அது மட்டும் கிடைத்திருந்தால் இன்றைக்கு எத்தனை ஆராய்ச்சியாளர்களின் சண்டை தீர்ந்திருக்கும்.

ரோம் டேசியர்களுக்குக் கப்பம் கட்டியதாமே?

கட்டியது. ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

கி.பி. 85–86 குளிர்காலத்தில் டேசியர்கள் ஆற்றைக் கடந்து தெற்குக் கரையில் இருந்த ரோமின் மீசியா மாகாணத்துக்குள் புகுந்தார்கள். ஆளுநர் ஒப்பியஸ் சபினஸ் சண்டையில் செத்தார். பேரரசர் டொமிஷியன் தன் மெய்க்காவல் படைத் தலைவர் கொர்னேலியஸ் ஃபுஸ்கஸை அனுப்பினார். இதற்குள் டேசியர்களுக்கு டெசிபாலஸ் என்ற புது மன்னன் வந்திருந்தான். எப்போது பாய வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும் என்று தெரிந்தவன், ஜெயித்ததைக் காப்பாற்றவும் தோற்றதைச் சமாளிக்கவும் தெரிந்தவன் என்று எதிரி வரலாற்று ஆசிரியரே மெச்சுகிறார். ஒவ்வொரு ரோமனும் ஆண்டுக்கு இரண்டு ஓபல் சில்லறைக் காசு எனக்குக் கட்டினால் சமாதானம் என்று நக்கலாகச் சொல்லி அனுப்பினான். ஃபுஸ்கஸ் மலைக்குள் போனார். திரும்பவில்லை. படைக்கொடியும் போர்க்கருவிகளும் டெசிபாலஸ் கைக்குப் போயின.

கி.பி. 88இல் டெட்டியஸ் ஜூலியானஸ் என்ற தளபதி தாப்பே கணவாயில் டேசியர்களை நன்றாகவே அடித்தார். அவர் தலைநகர் வரை வந்துவிடுவாரோ என்று பயந்த டெசிபாலஸ், மரங்களை ஆள் உயரத்துக்கு வெட்டி, அடிமரத்துக்குக் கவசத்தை மாட்டிவிட்டானாம். தூரத்திலிருந்து பார்த்தால் பெரும்படை நிற்கிற மாதிரி தெரியும். வயல் பொம்மை வேலைதான், ஆனால் பலித்தது என்கிறார் டியோ.

அதற்குள் டொமிஷியனுக்கு வேறு பக்கம் தீப்பிடித்தது. ஜெர்மானிய எல்லையில் அவருடைய தளபதியே கலகம் செய்தார், டான்யூபின் மேல்பகுதியில் மார்கோமான்னியர் என்ற ஜெர்மானியக் கூட்டம் அடித்தது. கி.பி. 89இல் அவசரமாக உடன்பாடு. டெசிபாலஸ் தான் வராமல் டியேகிஸ் என்பவனை அனுப்பினான், டொமிஷியன் அவன் தலையில் கிரீடம் வைத்தார். பேருக்கு டெசிபாலஸ் ரோமின் சிற்றரசன். நடைமுறையில் ஆண்டுதோறும் அவனுக்குப் பணம் போனது. பணத்தோடு போர்க்கருவி செய்யும் கைவினைஞர்களும் போனார்கள். ரோமப் படையிலிருந்து ஓடிவந்தவர்களுக்கும் அங்கே நல்ல வேலை கிடைத்தது. டிராஜன் பிறகு இடிக்க வேண்டியிருந்த கோட்டைகளில் ரோமக் காசும் ரோமக் கைவேலையும் கலந்திருந்தன.

டிராஜன் ஏன் படையெடுத்தார்? தங்கத்துக்காகவா?

தங்கமும் ஒரு காரணம். அது மட்டுமே என்று சொல்பவர்கள் விளைவைப் பார்த்துக் காரணத்தை எழுதுகிறார்கள். ஆண்டுதோறும் பணம் கொடுப்பது ரோமில் அவமானமாகப் பேசப்பட்டது. டெசிபாலஸின் பலம் ஏறிக்கொண்டே போனது. கி.பி. 98இல் பதவிக்கு வந்த டிராஜன் அடிப்படையில் படைத்தளபதி, அவருக்கு ஒரு பெரிய வெற்றி தேவைப்பட்டது.

டெசிபாலஸின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி. பல ஆண்டு கழித்து, இன்றைய துருக்கியில் உள்ள நிக்கோமீடியாவில் காலிட்ரோமஸ் என்ற ஆள் ரொட்டிக் கடையில் கூலிக்கு வேலை பார்த்தான். முதலாளிகள் பிடித்து வைத்துக்கொள்ள, தப்பிப் பேரரசரின் சிலையடியில் தஞ்சம் புகுந்தான். விசாரித்தால் அவன் ஒரு ரோமத் தளபதியின் அடிமை. மீசியாவில் டேசியர்களிடம் பிடிபட்டு, டெசிபாலஸால் பார்த்திய மன்னன் பக்கோரஸுக்குப் பரிசாக அனுப்பப்பட்டு, அங்கே பல ஆண்டு இருந்து ஓடிவந்தவன். ஆளுநர் பிளினி இதையெல்லாம் டிராஜனுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். ரோமின் வடக்கு எதிரியும் கிழக்கு எதிரியும் ஒருவருக்கொருவர் பரிசு அனுப்பும் நிலையில் இருந்தது ஒரு ரொட்டிக் கடை வழக்கில் வெளியே வருகிறது.

முதல் போரில் யார் ஜெயித்தது?

கி.பி. 101இல் தொடங்கி 102இல் முடிந்தது, ரோம் ஜெயித்தது. சுலபமாக இல்லை. டிராஜன் படையோடு போகும்போது, சுற்றுவட்டக் கூட்டத்தினர் ஒரு பெரிய காளானில் லத்தீன் எழுத்தில் ‘திரும்பிப் போய்விடுங்கள், சமாதானமாக இருங்கள்’ என்று எழுதி அனுப்பினார்களாம். காளானில் ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. தாப்பேயில் மறுபடி பெரிய சண்டை. காயம்பட்டவர்களுக்குக் கட்டுத் துணி தீர்ந்துபோக, பேரரசர் தன் உடையையே கிழித்துக் கொடுத்தார் என்று டியோ சொல்கிறார். அந்தக் குளிர்காலத்தில் டெசிபாலஸ் ரொக்சொலானி என்ற புல்வெளிக் கூட்டத்தின் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டு ரோமர்களின் பின்பக்கமாக மீசியாவில் அடித்தான். அந்தச் சண்டை நடந்த வட்டாரத்தில், இன்றைய அடம்கிலிசியில், டிராஜன் பின்னால் ஒரு பெரிய வெற்றிச் சின்னம் எழுப்பினார்.

கடைசியில் டெசிபாலஸ் பணிந்தான். ஆயுதங்களையும் கைவினைஞர்களையும் ஓடிவந்த வீரர்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும், கோட்டைகளை இடிக்க வேண்டும், ரோமின் நண்பன் இவனுக்கும் நண்பன், ரோமின் எதிரி இவனுக்கும் எதிரி. நிபந்தனையைப் பாருங்கள்: டொமிஷியன் கொடுத்ததைத்தான் டிராஜன் திருப்பிக் கேட்கிறார்.

டேசியர்களின் வளைந்த வாள் ரோமக் கவசத்தையே பிளந்ததாமே?

ஃபால்க்ஸ் என்று பெயர். நம்மூர் வீச்சரிவாளை இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற அளவுக்கு நீட்டினால் எப்படியிருக்கும், அப்படி. வளைவின் உட்பக்கம் கூர். மேலிருந்து இறங்கினால் கேடயத்தின் விளிம்பைத் தாண்டித் தலையில் விழும், பக்கவாட்டில் வந்தால் வலது கையை வாங்கும். தலைக்கவசத்தின்மேல் குறுக்குக் கம்பி, வலது கைக்கு உலோகத் தகடுக் கவசம் என்று ரோமர்கள் பாதுகாப்பைக் கூட்டிக்கொண்டது இதனால்தான் என்பது பொதுவான கருத்து. அடம்கிலிசிச் சிற்பங்களில் கைக்கவசம் போட்ட வீரர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள்.

இன்னொன்று அவர்களுடைய கொடி. திறந்த வாயுள்ள ஓநாய்த் தலை, பின்னால் துணியாலான பாம்பு உடல். குதிரை ஓடும்போது காற்று புகுந்து உடல் உப்பி நெளியும். ரோமர்களுக்கு அது பிடித்துப்போய், பிற்காலத்தில் தங்கள் குதிரைப்படைக்கும் அந்த மாதிரிக் கொடி வைத்துக்கொண்டார்கள்.

டான்யூப்மேல் கட்டிய பாலம் எவ்வளவு பெரியது?

டிராஜனுக்காக டமாஸ்கஸ்காரர் அப்போலோடோரஸ் என்ற கட்டடக் கலைஞர் கி.பி. 103–105இல் கட்டியது. 20 கல் தூண்கள், மேலே மர வளைவுகள், நீளம் 1,100 மீட்டருக்கு மேல். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அவ்வளவு நீள வளைவுப் பாலத்தை யாரும் கட்டவில்லை. இன்று ட்ரோபெட்டா-துர்னு செவெரின் ஊரில் கரையோரத் தூணின் மிச்சத்தைப் பார்க்கலாம். ரோமர்கள் போக வசதியாக இருக்கும் பாலம் எதிரி வரவும் வசதியாக இருக்கும் என்று அடுத்த பேரரசர் ஹேட்ரியன் மேல்பகுதியைக் கழற்றிவிட்டார்.

இரண்டாம் போரும் டெசிபாலஸின் முடிவும் எப்படி?

டெசிபாலஸ் ஒப்பந்தத்தை மீறி மறுபடி கோட்டை கட்ட, கி.பி. 105இல் போர் மூண்டது. இந்த முறை அவன் தந்திரத்தை நம்பினான். லொங்கினஸ் என்ற ரோமத் தளபதியைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுப் பிடித்து வைத்தான். டான்யூப் வரை நிலமும் போர்ச் செலவும் கொடுத்தால் ஆளை விடுகிறேன் என்று டிராஜனுக்குச் சொல்லி அனுப்பினான். டிராஜன் பிடிகொடுக்காமல் பதில் சொன்னார்: லொங்கினஸைப் பெரிதாக நினைப்பதாகவும் தெரியக்கூடாது, அலட்சியமாக நினைப்பதாகவும் தெரியக்கூடாது. அவர் தயங்குவது லொங்கினஸுக்குப் புரிந்தது. தன் ஆள் ஒருவன் மூலம் விஷம் வரவழைத்தார். சமாதானம் பேசி முடிக்கிறேன் என்று அதே ஆளை டிராஜனிடம் அனுப்பிவிட்டு, அவன் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்து இரவில் குடித்தார். அந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் லொங்கினஸின் உடலையும் பத்துக் கைதிகளையும் தருகிறேன் என்று டெசிபாலஸ் கேட்டான். டிராஜன் அனுப்பவில்லை.

கி.பி. 106இல் தலைநகர் சார்மிசெகெடூசா விழுந்தது. டெசிபாலஸ் தப்பி ஓடினான். ரோமக் குதிரைப்படை நெருங்கியபோது வளைந்த கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்டான். துரத்திப் போன வீரன் டிபேரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸின் கல்லறைக் கல் 1965இல் வடக்கு கிரீஸில் கிடைத்தது. அதில் அவன் தன்னை டெசிபாலஸைப் ‘பிடித்தவன்’ என்று எழுதி, தலையை ரனிஸ்டோரம் என்ற இடத்தில் பேரரசரிடம் சேர்த்ததையும் பதித்திருக்கிறான். கல்லில் குதிரைமேல் மாக்சிமஸ், கீழே சாயும் டெசிபாலஸ். ரோமில் உள்ள தூணிலோ டெசிபாலஸ் ஒரு மரத்தடியில் கத்தியோடு தானே முடித்துக்கொள்கிறான். பிடித்தவனுக்கும் பிடிபடாதவனுக்கும் நடுவே இருந்த அந்தச் சில நொடியில் நடந்ததை மாக்சிமஸ் கொஞ்சம் தாராளமாக எழுதிக்கொண்டான் போல.

ஆற்றுக்கடியில் புதையல் என்பது கதையா?

டியோ சொல்வது இது: டெசிபாலஸ் கைதிகளை வைத்து சார்கெட்டியா ஆற்றைத் திருப்பிவிட்டு, படுகையில் குழி தோண்டிப் பொன்னையும் வெள்ளியையும் போட்டு மூடி, ஆற்றை மறுபடி மேலே விட்டான். வேலை பார்த்தவர்களைக் கொன்றான். ஆனால் பிசிலிஸ் என்ற அவனுடைய நெருங்கிய ஆள் பிடிபட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

அளவு என்று பார்த்தால், பழைய நூலில் 50 லட்சம் ராத்தல் தங்கம் என்று இருக்கிறது. நம்பவே முடியாத எண். படியெடுத்தவர் பத்து மடங்கு கூட்டிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் சுமார் 165 டன் வருகிறது. அதுவும் அதிகம் என்பவர்கள் உண்டு. எண் எதுவானாலும் பணம் தாராளமாகப் புழங்கியது தெரிகிறது. டிராஜன் ரோமில் 123 நாள் கேளிக்கை நடத்தினார். 10,000 கிளாடியேட்டர்கள் மோதினார்கள், 11,000 விலங்குகள் செத்தன. பெரிய மன்றமும் சந்தையும் எழுந்தன.

டிராஜன் தூணில் இருப்பதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

பாதி. கி.பி. 113இல் திறந்த தூண். உயரம் சுமார் 30 மீட்டர், பீடம் தனி. சுற்றிச் சுற்றி மேலேறும் சிற்பப் பட்டையைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 200 மீட்டர். 2,600க்கும் மேற்பட்ட உருவங்கள், அதில் கிட்டத்தட்ட 60 இடத்தில் டிராஜன்.

எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்கு ஏமாற்றம் தருவது, சண்டை குறைவு. வீரர்கள் மரம் வெட்டுகிறார்கள், மண் சுமக்கிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், பலி கொடுக்கிறார்கள், பேரரசர் உரையாற்றுகிறார். செத்து விழுவது டேசியர்கள். ரோமர்களில் காயம்பட்டவர்கள் உண்டு, செத்தவனைக் காட்டவில்லை. அரசு விளம்பரம்தானே. ஆனாலும் எதிரியைக் கேவலமாகச் செதுக்கவில்லை. டேசியப் பிரபுக்கள் கோட்டைக்குள் ஒரு பெரிய பாத்திரத்தைச் சுற்றி நின்று குவளையில் மொண்டு வாங்கும் காட்சியில், கை நீட்டுபவன் முகமும் கீழே சாய்ந்தவனைத் தாங்குபவன் முகமும் அவ்வளவு துல்லியம். அது விஷமா, முற்றுகையில் மிஞ்சிய கடைசித் தண்ணீரா என்று இன்னமும் வாதம் நடக்கிறது.

போருக்குப் பிறகு டேசியர்கள் அடியோடு அழிந்துவிட்டார்களா?

இல்லை. ஆண்கள் தீர்ந்துபோன நாட்டில் டிராஜன் உலகமெங்கும் இருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார் என்று பிற்கால ரோம எழுத்தாளர் யூட்ரோப்பியஸ் எழுதியதை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வார்கள். அடிமையாகப் போனவர்கள் ஏராளம், ரோமப் படையில் சேர்க்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் மாகாணத்துக்குள்ளேயே டேசியப் பானை, டேசியக் குடிசையோடு வாழ்ந்த கிராமங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே கொஸ்டோபோசியரும் கார்ப்பியரும் சுதந்திரமாக இருந்தார்கள். கொஸ்டோபோசியர் கி.பி. 170 வாக்கில் கிரீஸ் வரைக்கும் இறங்கி எலூசிஸ் கோயிலையே சூறையாடினார்கள்.

படையில் போனவர்களின் தடம் பிரிட்டனில் இருக்கிறது. ரோமர்கள் அங்கே எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவரில் பேர்டோஸ்வால்டு கோட்டையில் டேசியப் படைப்பிரிவு ஒன்று பல தலைமுறை இருந்தது. அவர்கள் வெட்டிய கல்வெட்டுகள் சிலவற்றில் வளைந்த வாளைச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கேயே டெசிபாலஸ் என்று பெயர் வைத்த ஒரு குழந்தையின் கல்லறைக் கல்லும் உண்டு. ரோமுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ரோமின் எதிரியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள்.

மாகாணமான பிறகு அங்கே யார் என்ன செய்தார்கள்?

தங்கம் வெட்டினார்கள். ஆல்புர்னஸ் மயோர், இன்றைய ரோஷியா மொந்தானா, என்ற சுரங்க ஊரில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மெழுகுப் பலகைகள் கிடைத்தன. கி.பி. 131 முதல் 167 வரையிலான கணக்கு வழக்கு. கி.பி. 139இல் எழுதிய ஒரு பத்திரம் பாஸியா என்ற ஆறு வயதுச் சிறுமியை 205 டெனாரியஸ் வெள்ளிக் காசுக்கு விற்றதைப் பதிவுசெய்கிறது. கி.பி. 167இல் எழுதிய இன்னொன்று ஈமச்சடங்குச் சங்கத்தின் அறிவிப்பு: 54 பேர் இருந்த இடத்தில் இப்போது 17 பேர்தான், பெட்டியில் பணம் இல்லை, இனி யாரும் சாவுச் செலவுக்கு எங்களிடம் வர வேண்டாம். மற்றவர்கள் செத்தார்களா, ஓடினார்களா என்று பலகை சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் கொள்ளைநோயும் இருந்தது, எல்லையில் போரும் மூண்டுகொண்டிருந்தது.

மாகாணம் சுமார் 165 ஆண்டு ஓடியது. மூன்று பக்கமும் எதிரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தைக் காப்பது கட்டுப்படியாகவில்லை. கி.பி. 271–275க்குள் அவ்ரேலியன் பேரரசர் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டு, கௌரவத்துக்காக ஆற்றின் தெற்கே ஒரு பகுதிக்கு ‘டேசியா’ என்று பெயர் வைத்தார்.

டேசிய மொழி என்ன ஆனது?

போய்விட்டது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், பழைய மருத்துவ நூல்களில் வரும் சில மூலிகைப் பெயர், அவ்வளவுதான் மிச்சம். ருமேனிய மொழி லத்தீனிலிருந்து வந்தது. ஆனால் அதில் லத்தீனில் சேராத, அல்பேனிய மொழியோடு ஒத்துப்போகிற சில சொற்கள் உண்டு. அடுப்படியைக் குறிக்கும் ‘வத்ரா’ அப்படி ஒன்று. இவை டேசிய மிச்சம் என்று பலர் கருதுகிறார்கள்.

தமிழகத்தோடு ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. சுற்றுவழியில் ஒன்று உண்டு. முசிறியிலிருந்து போன மிளகு செங்கடல் துறைமுகங்களான பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸில் இறங்கி, ஒட்டகத்தில் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தைக் கடந்து நைல் கரைக்குப் போகும். அந்தப் பாதையில் வரிசையாக ரோமக் காவல் சாவடிகள். 2ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த வீரர்கள் பானை ஓட்டில் எழுதிய கடிதங்களில் டேசியப் பெயர்கள் வருகின்றன, டெசிபாலஸ் உட்பட. கார்பேத்தியப் பனியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் நிறுத்தப்பட்டவர்கள். மியோஸ் ஹோர்மோஸில், அதாவது குசெய்ர் அல் காதிமில், ‘பானை ஒறி’ என்று தமிழ்-பிராமியில் எழுதிய ஓடும் கிடைத்திருக்கிறது. இவர்கள் தமிழ் வணிகர் யாரையாவது பார்த்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. காவல் காத்த பாதை அதே பாதை, அவ்வளவு சொல்லலாம்.

‘டேசியா’ கார் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம்?

பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். 1966இல் தொடங்கிய ருமேனிய நிறுவனம். இந்தியாவில் ரெனோ டஸ்டர் என்று ஓடியது வெளிநாட்டில் டேசியா டஸ்டர்.

அரசியலும் இந்தப் பெயரை விடவில்லை. 1980இல் ருமேனியக் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு புரேபிஸ்டாவின் நாட்டுக்கு 2,050ஆம் ஆண்டு விழா எடுத்தது. எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்று கேட்காதீர்கள். டான்யூபின் இரும்பு வாயில் பகுதியில் 40 மீட்டருக்கும் மேல் உயரமான டெசிபாலஸ் முகம் ஒன்றைப் பாறையில் குடைந்திருக்கிறார்கள், 2004இல் முடிந்தது.

எங்கே போனால் எதைப் பார்க்கலாம்?

சார்மிசெகெடூசாவும் அதைச் சுற்றிய கோட்டைகளும் 1999 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. பீச் மரக்காட்டுக்குள், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் அளவு உயரத்தில், வட்டமாக நட்ட கல்லும் மரமும் கொண்ட வழிபாட்டிடம் இருக்கிறது. நிற்கும் மரத்தூண்கள் இன்றைய மறுகட்டமைப்பு. கோட்டைச் சுவரை உற்றுப் பாருங்கள்: வெட்டிய சுண்ணாம்புக்கல் வரிசை இரண்டு, நடுவே மண்ணும் சில்லும், இரண்டையும் பிணைக்க மர விட்டம். விட்டம் உட்கார்ந்த புறா வால் வடிவப் பள்ளம் கல்லில் இன்னும் இருக்கிறது. மரம் மக்கிப் போய்விட்டது.

தங்க வளையல்களைப் பற்றிக் கேட்பீர்கள். ஒவ்வொன்றும் சுமார் ஒரு கிலோ எடையுள்ள சுருள் வளையல்கள், பாம்புத் தலை முனையோடு. இந்த மலையில் மெட்டல் டிடெக்டரோடு திரிந்த திருடர்கள் தோண்டி வெளிநாட்டில் விற்றவை. 13ஐ ருமேனியா மீட்டது. அதில் மூன்றையும், இன்னும் பழைய கொட்சோஃபெனேஷ்டி தங்கத் தலைக்கவசத்தையும் 2025 ஜனவரி 25 அன்று நெதர்லாந்தின் ஆஸென் நகரக் கண்காட்சியிலிருந்து, வெடிவைத்துக் கதவைத் திறந்து மறுபடி திருடினார்கள்.

தூணைப் பார்க்க ரோம் போகிறவர்களுக்கு: கீழே நின்றால் மேல் சுற்றுகள் தெரியாது, கழுத்துதான் வலிக்கும். புக்கரெஸ்டின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் முழுத் தூணின் வார்ப்புகளையும் துண்டு துண்டாகக் கண்மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். கத்தியோடு மரத்தடியில் டெசிபாலஸ் இருக்கும் காட்சி கடைசிச் சுற்றுகளுக்குப் பக்கத்தில் வரும், அங்கே அதை ஒரு கை தூரத்தில் நின்று பார்க்கலாம்.